மனைவியின் கால்குலேட்டருக்கு நான் வைத்த விளக்கு

என் மனைவியின் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று அவளை ஐந்து மாதம் நம்பவைத்தேன். அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய கால்குலேட்டர் திரைக்குப் பின்னால் ஒட்டியிருந்த வெள்ளி நிறத் தாளை நான் பிய்த்துக் கெடுத்துவிட்டேன். அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, "எனக்கு நல்லாத் தெரியுதே" என்று சொன்னேன். அதே பொய்யைப் பிறகு பத்துப் பேர் முன்னாலும் சொன்னேன்.

நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். புதுக்கோட்டையில் சொந்த வீடு. என் மனைவி அரசு அலுவலகம் ஒன்றில் வரைவாளராக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகும் அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. வீட்டிலிருந்தபடியே வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுத்தாள். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்துதான் நிறையப் பேர் வருவார்கள். கணவன் வெளிநாட்டில் இருப்பான். மனையின் அளவை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். மனைவியோ மாமியாரோ நேரில் வந்து அடுப்படி எந்தப் பக்கம், மாடிப்படி எந்தப் பக்கம் என்று இவளிடம் மணிக்கணக்கில் பேசுவார்கள். அவள் சலிக்காமல் கேட்பாள்.

பிளான் என்றால் எங்கள் பக்கம் வெறும் படம் போதாது. ஆயாதி பார்க்க வேண்டும். வீட்டின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கினால் வருவது குழி. அந்தக் குழியை இன்னோர் எண்ணால் பெருக்கி, எட்டால் வகுத்து, என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். மிச்சம் சேராவிட்டால் அந்த அளவை விட்டுவிட்டு அரை அடி கூட்டியோ குறைத்தோ மறுபடி போடுவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. அவளைக் கேலி செய்வேன்.

"மிச்சம் மூணு வந்தா வீட்டுக்குள்ள மழை ஒழுகாதா?"

"ஒழுகும். ஆனா நம்புறவுக நிம்மதியாத் தூங்குவாக. நீங்க போய் உங்க ஓம் விதியப் பாருங்க" என்பாள்.

அவளுடைய கால்குலேட்டர் அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவள் அண்ணன் சவுதியிலிருந்து கொண்டுவந்தது. கைபேசியில் கணக்குப் போட அவளுக்குப் பிடிக்காது. விரலுக்கடியில் பொத்தான் அமுங்க வேண்டும். பொத்தான்களைப் பார்க்காமலே தட்டுவாள். கண் திரைமேல் இருக்கும். ஒவ்வொரு படியின் விடையையும் தாளில் எழுதிக்கொள்வாள். அடுத்த படிக்குத் தாளில் எழுதியதைப் பார்த்து மறுபடி தட்டுவாள். அலுவலகத்தில் யாரோ மேலதிகாரி பழக்கிவிட்ட முறை. பிழை வந்தால் எந்தப் படியில் வந்தது என்று தெரிந்துவிடும் என்பாள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அவளுக்குக் கண்ணைப் பற்றி எப்போதும் ஒரு பயம் உண்டு. அவளுடைய அம்மாவுக்குக் கண் அழுத்தத்தால் பார்வை போனது. மருத்துவர்கள் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். ஒருநாள் அந்த அம்மாவுக்குச் சோற்றுத் தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. என் மனைவிக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தபோது, கட்டைப் பிரிக்கும்வரை என் கையை விடவில்லை. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

புரை எடுத்த பிறகு கால்குலேட்டரைச் சன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுடைய வரைபலகை இருந்த அறையில் வெளிச்சம் குறைவு. மின்வாரியப் பராமரிப்பு நாட்களில் மதியம்கூட அங்கே இருட்டுத்தான். அந்தச் சமயத்தில் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் பழைய கால்குலேட்டரைப் பிரித்து, திரைக்குப் பின்னால் சின்ன விளக்கு வைத்து, எண்களை ஒளிரவைப்பதைப் பார்த்தேன். இதை நானும் செய்யலாமே என்று தோன்றியது. தெருவில் யாருக்கு மிக்சி ஓடாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தக் கர்வமும் இருந்தது.

அன்னவாசலில் அவள் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. அவள் இரண்டு நாள் முன்னதாகவே போனாள். நான் முழங்கால் வலி என்று சொல்லி வீட்டில் நின்றுகொண்டேன். அவள் பஸ் ஏறிய அரை மணியில் கால்குலேட்டரைப் பிரித்துவிட்டேன். சிகரெட் லைட்டரின் அடியில் டார்ச் இருக்குமே, அதிலிருந்து ஒரு எல்.இ.டி. எடுத்து வைத்திருந்தேன். வெளிச்சம் பரவலாக விழ, அவளுடைய டிரேசிங் தாளிலேயே ஒரு துண்டு. ஒரு பட்டன் பேட்டரி, நகத்தளவு சுவிட்ச். எல்லாம் தயார். திரையின் பின்னால் வெள்ளி நிறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளிச்சம் உள்ளே வர அது வழிவிட வேண்டும். ஷேவிங் பிளேடை விளிம்பில் கொடுத்துக் கிளப்பினேன். பாதி உரிந்து வந்தது; மீதி கிழிந்தது.

விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று வெளிச்சம் வந்தது. எண் ஒன்றுகூட இல்லை.

எல்.சி.டி. திரைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தாள் உண்டு. ஒளியை ஒரே தளத்தில் மட்டும் போகவிடும் தாள்கள். இரண்டும் இருந்தால்தான் எண் கறுப்பாகத் தெரியும். ஒன்றை எடுத்துவிட்டால் எண் அங்கேதான் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. வெள்ளிப் பூச்சும் அந்தத் தாளும் சேர்ந்தே ஒட்டப்பட்டிருக்கும். இதற்குத் தளவிளைவு என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை வருடம் தவறாமல் நடத்தியவன் நான். கரும்பலகையில் இரண்டு சீப்புகள் வரைந்து, பல் பல்லுக்கு நேராக வந்தால் நூல் போகும், குறுக்கே வந்தால் போகாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிளேடைக் கையில் எடுத்தபோது அது ஞாபகம் வரவில்லை.

கிழிந்த துண்டுகளைச் சேர்த்து, செலோ டேப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்து அமுக்கினேன். தாள் கோணலாக உட்கார்ந்தது. எண்களின் மேல்பாதி மங்கலாகத் தெரிந்தது. கீழ்ப்பாதி நீர் விட்ட மை போல இருந்தது. விளக்கு, பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூடினேன். புதுத் தாளுக்கு ஆன்லைனில் சொன்னேன். இரண்டு நாளில் வந்துவிடும், யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். வந்தது கார் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாள்.

அவள் அன்னவாசலிலிருந்து வந்து, குளித்துவிட்டு, பலகை முன்னால் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இங்க வாங்க. இது ஏன் இம்புட்டு மங்கலா இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். நான் பிய்த்துவிட்டேன் என்று இரண்டு சொல்லில் முடிந்திருக்கும்.

"எனக்கு நல்லாத் தெரியுதே" என்றேன்.

"தெரியுதா?"

"ம். ஆபரேஷன் பண்ணின கண்ணு இன்னும் செட்டாகலையோ என்னமோ."

சன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். மறு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். "ரெண்டு கண்ணுலயுமே இப்படித்தான் இருக்கு" என்று அவளுக்கே சொல்வதுபோலச் சொன்னாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

அந்தத் திரையை வைத்துத்தான் அவள் அடுத்த பிளானைப் போட்டாள். அறந்தாங்கியைத் தாண்டி ஒரு கிராமம். வீட்டுக்காரர் கத்தாரில். கடைக்கால் போடும் அன்று அந்த வீட்டுப் பெண் எங்களையும் அழைத்திருந்தாள். மனையில் சாமியானா போட்டு, நாற்காலி போட்டிருந்தார்கள். மேஸ்திரி நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டு, இவள் கொடுத்த தாளை விரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு இவளிடம் வந்தார்.

"அம்மா, குழி எழுநூத்தி இருபத்தொம்பதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"இருபத்தாறும் இருபத்தெட்டும் பெருக்கினா ஒம்பதுல எப்படிம்மா முடியும்? ஆறெட்டு நாப்பத்தெட்டு. எட்டுலல்ல முடியணும்?"

கீழ்ப்பாதி தெரியாவிட்டால் கால்குலேட்டரில் எட்டும் ஒன்பதும் ஒன்றுபோலவே இருக்கும். எட்டுக்கு இடப்பக்கம் கீழே ஒரு கோடு கூடுதல், அவ்வளவுதான். தெரிந்ததைத் தாளில் எழுதி, அந்தத் தாளைப் பார்த்தே மீதிப் படிகளையும் போட்டிருக்கிறாள். பிழையைப் பிடிக்க அவள் பழகிய முறையே பிழையைக் கடைசிவரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. எழுநூற்று இருபத்தொன்பதுக்கு மிச்சம் நன்றாக வந்தது. எழுநூற்று இருபத்தெட்டை எதனால் பெருக்கி எட்டால் வகுத்தாலும் ஒன்றுமே மிஞ்சாது. அப்படி வருவது ஆகவே ஆகாது என்பார்கள்.

அவள் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தாள். நல்ல வெயில். தட்டினாள். வலப்பக்கம் சாய்த்தாள், இடப்பக்கம் சாய்த்தாள், சேலைத் தலைப்பால் நிழல் கட்டிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தாரிலிருந்த மனிதர்கூட வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க பாருங்க. எட்டா, ஒம்பதா?"

எனக்கும் அதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விடைதான் தெரியுமே. திரையைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "எழுநூத்தி இருபத்தெட்டு. எட்டுதான். நல்லாத் தெரியுதே" என்றேன்.

அந்த வீட்டு மாமியார் சத்தமாகவே சொன்னார்: "கண்ணு தெரியாதவுகளுக்கு எதுக்கு இந்த வேலைங்கிறேன்? நல்லவேளை, மேஸ்திரி பாத்தாரு."

மருமகள், "சும்மா இருங்கத்தை" என்றாள். மேஸ்திரி, "அரை அடி தள்ளினா சரியாப் போயிரும், விடுங்க ஆத்தா" என்றார். ஆனால் வேறு ஆளை வைத்துப் பிளானை மறுபடி பார்த்துவிட்டுத்தான் மண்ணை வெட்டுவது என்று முடிவானது. என் மனைவி எழுந்து நின்று, "தப்பு என்னுதுதான். கண்ணு சரியில்ல. மன்னிச்சுக்கங்க" என்று கைகூப்பினாள். நான் கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

வீட்டுக்கு வந்து டிரேசிங் தாள்களைச் சுருட்டி, ரப்பர் போட்டு, பரண்மேல் வைத்தாள். பாதியில் இருந்த இரண்டு பிளான்களைத் தெரிந்த ஒரு இளம் இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டாள். அழவில்லை. மறுவாரம் கண் மருத்துவமனைக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, அழுத்தம் பார்த்து, எல்லாம் பழையபடிதான் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர்.

ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: "அம்மாவுக்கும் இப்படித்தான் சொன்னாக."

"பேப்பர் படிக்கிறியே. போன் பாக்குறியே" என்றேன்.

"அதெல்லாம் பளிச்சுனு இருக்கு. மங்கலா இருக்கிறதுதான் மொதல்ல போகுமாம். உங்களுக்குத் தெரியுறது எனக்குத் தெரியலையே."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஆதாரம் என் வார்த்தை ஒன்றுதான். மருத்துவர் சொன்னதைவிட நான் சொன்னதை அவள் நம்பினாள். புதுக் கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அதில் எண் தெளிவாகத் தெரிந்தால் நான் மாட்டிக்கொள்வேன். ஆகவே கடைத்தெருவில் பேனா, கால்குலேட்டர் விற்கும் கடைப்பக்கம் அவளைக் கூட்டிப்போவதையே தவிர்த்தேன். என்னை நான் எவ்வளவு தூரம் காப்பாற்றிக்கொண்டேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஐந்தாவது மாதம் ஒருநாள் முற்பகல். காய்கறி வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவள் குரல் கேட்டது. "ஒம்பது, பத்து, பதினொண்ணு." எட்டிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையைச் சுவரில் வைத்து, அடுப்படியிலிருந்து குளியலறைக்கு அடி எண்ணி நடந்துகொண்டிருந்தாள். பதினான்கில் கதவு கையில் பட்டது. திரும்பினாள். கண்ணைத் திறக்காமலே மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். வீட்டின் ஒவ்வோர் அளவும் அவளுக்குத் தெரியும். அவள் போட்ட பிளான். இப்போது அதைக் காலால் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

நான் சத்தம் போடாமல் வெளியே போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தேன்.

அன்று மதியமே திருச்சிக்குப் போனேன். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ஒரு கடையில் உடைந்த டிஸ்ப்ளே ஒன்று வாங்கிவந்து, அதிலிருந்த, வெள்ளிப் பூச்சில்லாத தெளிவான தாளைப் பக்குவமாக உரித்து, அளவாக வெட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஒரு கோணத்தில் எண்கள் கறுகறுவென்று எழுந்து நின்றன. அந்தக் கோணத்தில் ஒட்டினேன். பின்னால் டிரேசிங் தாள், எல்.இ.டி., பேட்டரி. இந்த முறை எல்லாம் சரியாக வந்தது. இதிலும் என் கோழைத்தனம் உண்டு. வெறும் கையோடு போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சரி செய்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்லப் போனேன்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கச் சொல்லி, கால்குலேட்டரைக் கையில் கொடுத்தேன். "இருபத்தாறையும் இருபத்தெட்டையும் பெருக்கு" என்றேன். சலித்துக்கொண்டே தட்டினாள். நான் சுவிட்சைத் தள்ளினேன்.

"தெரியுதுங்க!" என்றாள். "எட்டு. எட்டுதான். ஏங்க, கண்ணு சரியாயிருச்சு போலயே!"

என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அந்த முகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தையும் நான்தான் பிடுங்க வேண்டியிருந்தது. சொன்னேன். அன்னவாசல் போன அன்று பிரித்தது, பிளேடு, செலோ டேப், எல்லாம் சொன்னேன். சொல்லும்போது முறத்தில் கிடந்த அரிசியைத்தான் பார்த்தேன்.

அவள் முதலில் விளக்கை அணைத்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு வெயில்ல வச்சுப் பாத்து, எட்டு, நல்லாத் தெரியுதேன்னீங்க. எப்படிப் படிச்சீங்க?"

"படிக்கல. மனக்கணக்கு."

"ஓ." அரிசியில் ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். "நல்லாத்தான் வருது உங்களுக்கு மனக்கணக்கு. எம்புட்டு நாளைக்குச் சொல்ல வேணாம்னு அதையும் மனசுல போட்டு வச்சிருந்தீங்களா?"

முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்கிட்டச் சொன்னது சரி. அங்க யாரு யாரு இருந்தாகளோ அவுககிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. போன்ல வேணாம்" என்றாள்.

மறுநாள் காலை போனேன். வீடு லிண்டல் மட்டத்துக்கு மேலே வந்திருந்தது. மேஸ்திரி சாரத்தில் நின்றிருந்தார். கீழே இறங்கி வந்து, நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "இதுக்கா சார் இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்றார்.

"அவ நேர்ல சொல்லச் சொன்னா."

"சொல்லத்தானே செய்வாங்க?" தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "ஆனா நான் நாலு ஊர்ல சொல்லிட்டேனே சார், அம்மாவுக்குப் பார்வை இல்லைன்னு. அம்மாகிட்டக் குடுக்க இருந்த ரெண்டு பேரைத் திருப்பிவிட்டேன். நல்லது செய்றதா நெனச்சுத்தான் சொன்னேன்."

"மாத்திச் சொல்லுங்க."

"சொல்றேன். மொத சொன்ன மாதிரி பரவாது பாத்துக்கங்க."

அந்த வீட்டு மாமியார் கொட்டகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வாத்தியாராமில்ல" என்று மட்டும் சொன்னார். மருமகள் எனக்கு மோர் கொடுத்தாள். குடித்தேன். கணவரிடம் தானே சொல்லிவிடுவதாகவும், என் மனைவியிடம் தான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்படியும் அந்தப் பெண் சொன்னாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு ஒன்றுமே இல்லை.

மேஸ்திரி சொன்னபடியே ஆயிற்று. பழையபடி ஆட்கள் வரவில்லை. ஆனால் ஒன்றரை மாதம் கழித்து அவரே போன் செய்து, அறந்தாங்கியில் ஒரு சின்ன வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும், அம்மா வந்து இடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அவள் பரணிலிருந்து தாள்களை இறக்கச் சொன்னாள். கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டாள். அதை இப்போது பயன்படுத்துகிறாள். ஆனால் ஒவ்வொரு பெருக்கலையும் தாளில் கையாலும் ஒருமுறை போட்டுச் சரிபார்க்கிறாள். விளக்கு நன்றாக எரிகிறது என்று நானும் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை. கண்ணை மூடி எண்ணி நடப்பதை நிறுத்திவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நான் வீட்டில் இல்லாதபோது என்ன செய்கிறாளோ தெரியாது.

அறந்தாங்கி போகும் அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றோம். வெயில் முகத்தில் அடித்தது. ஒரு பஸ் வந்து நின்றது. கண்ணாடி மின்னியதில் போர்டு சட்டென்று தெரியவில்லை. நான் ஓர் அடி முன்னால் போய்ப் படித்துவிட்டேன். சொல்ல வாயெடுத்தேன். அவள் எனக்கு மறுபக்கம் திரும்பி, கூடை வைத்திருந்த ஓர் அம்மாளிடம் கேட்டாள்.

"இது எந்த பஸ்ஸுங்க?"

"அறந்தாங்கி. இங்கிட்டு வந்து ஏறுங்க, முன்னாடி கூட்டமாக் கெடக்கு."

இப்போதெல்லாம் அப்படித்தான். ஊசியில் நூல் ஏறியதா, பாலில் ஏதாவது விழுந்து கிடக்கிறதா, மருந்துச் சீட்டில் என்ன மாத்திரை எழுதியிருக்கிறது என்று பக்கத்து வீட்டிலோ கடைக்காரரிடமோ கேட்பாள். பக்கத்தில் நான் இருப்பேன். கோபமாகச் செய்வதில்லை. என்னிடம் கேட்கக்கூடாது என்று நினைத்துச் செய்வதாகவும் தெரியவில்லை.

அவள் பின்பக்கமாக ஏறினாள். வரைதாள் சுருளைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். மூன்றாவது வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் அவள் பை இருந்தது. நான் போய் நின்றதும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.